பாஸ்டர் ஐயாவின் டேப்

சபைச் செயலர் போதகரின் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை டேப்லெட்டின் கீழ்விளிம்பில் இருந்த வட்டத்தில் வைத்து அழுத்தினார். திரை லேசாக அதிர்ந்து, விரலை மறுபடி வைக்கச் சொன்னது. கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். டேப்பையும் துடைத்தார். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவையும் ஆகாமல் போனதும், நான்கு இலக்க எண்ணைக் கேட்டபடி நின்றுவிட்டது.

“விரல் ஜில்லுன்னு இருக்கு. அதான் எடுக்க மாட்டேங்குது போல,” என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையை அங்கியின் மேல் இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு, “மன்னிச்சுக்குங்கம்மா,” என்றார்.

போதகரின் மனைவி சவப்பெட்டியின் மறுபக்கம் குனிந்து, அங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தாள். பொத்தான் துளைவரை வந்து வந்து நழுவியது. நிமிராமலேயே, பரவாயில்லை என்று தலையை ஆட்டினாள்.

அந்த எண் அவளுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் வைத்ததுதான். அதைவிடக் கடினமாக எதை வைத்தாலும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. இரண்டு மாதமாக அதுவும் நிற்கவில்லை. விரலை வைத்தால் திறக்கும் என்பதே மறந்துபோன பிறகு, அவள்தான் திறந்து கையில் கொடுப்பாள்.

செயலர் பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அழுதுவிடுவார் என்பது அவளுக்குப் புரிந்தது. வெளியூர்க் குடும்பங்களின் எண்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன; நாளைய கல்யாணத்துக்கு வேறு ஒரு போதகரை அழைத்திருக்கிறது, பெண் வீடு மாப்பிள்ளை வீடு விவரம் அவருக்குத் தெரிய வேண்டும்; தவிர, தன் அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டு, எந்த வேதபாகம் என்று எழுதி வைத்திருப்பதாக ஐயாவே ஒரு நாள் இந்த டேப்பைத் தட்டிக் காட்டிச் சொன்னார். “எந்தக் காரியத்தையும் நேரத்துக்கு முன்னாடியே முடிச்சு வெக்கிற மனுஷன்,” என்றார் செயலர். செயலரையே சபையார் ‘கடிகாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாயால் அப்படி ஒரு பாராட்டு வருவது லேசில்லை.

“உங்களுக்கு அந்த நம்பர் தெரியாதாம்மா?”

“தெரியலையே,” என்றாள்.

பொத்தான் அப்போதுதான் துளையில் நுழைந்தது.

அந்த டேப்பை வாங்கிக் கொடுத்ததும் இதே செயலர்தான். அதற்கு முன்னால் போதகரின் வேலை முழுவதும் துண்டுக் காகிதத்தில் நடந்தது. யார் வீட்டுக்கு எப்போது போக வேண்டும், யாருக்கு ஆபரேஷன், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று கிடைத்த காகிதத்தில் கிறுக்கி, வேதாகமத்துக்குள்ளும் சட்டைப் பையிலும் செருகிவிடுவார். பாதிக் காகிதம் துணியோடு துவைந்து மாவாகும். ஒரு தடவை புதுவீட்டு ஜெபத்துக்கு எதிர்வீட்டுக்குள் நுழைந்து, நான்கு மூலையிலும் நின்று ஜெபித்து, அவர்கள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் எந்தச் சபையும் இல்லை. மரியாதைக்காகக் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அழைத்த வீட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்து கோபித்துக்கொண்டு சபையையே மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் செயலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் டேப்பைப் பரிசாகக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் சொல்லியும் கொடுத்தார். சந்திப்புகளுக்கு ஒரு பட்டியல், ஜெப விண்ணப்பங்களுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். மணியடித்து ஞாபகப்படுத்தும். போன இடத்துக்குப் பச்சை அடையாளம் போட்டுக்கொள்ளலாம்.

போதகர் குழந்தைபோல அதைப் பிடித்துக்கொண்டார். ஆறே மாதத்தில் ஆளே மாறிவிட்டார். நம்ம பாஸ்டருக்குப் புது மூளை வந்துருச்சு என்று சபையில் சிரித்தார்கள்.

அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அது வெறும் வேடிக்கை.

இரண்டு வருடம் முன்பு, பிரசங்கத்தின் நடுவே அவர் நின்றுவிட்டார். ஒரு நிமிடம். கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு, டேப்பின் திரையை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அன்று வீட்டுக்கு வந்து, தங்கள் தெருவின் பெயரைக் கேட்டார். யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து, பஸ்ஸில் ஆறு மணி நேரம் போய் டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் மூளையின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, சுருங்கிப்போன இடங்களைப் பேனாவால் தொட்டார். திரும்பி வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு, அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதே என்றார். வேலையை விட்டால் சபை கொடுத்த வீட்டையும் விட வேண்டும் என்பதை இருவருமே சொல்லவில்லை. “எனக்கு வேற என்னடி தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குச் சரியென்றாள்.

அதிலிருந்து டேப்பில் எழுதியதெல்லாம் அவள்தான். சபைக் கூட்டங்களில் படம் எடுப்பதுபோல் எல்லோர் முகத்தையும் எடுத்து, குடும்பப் பக்கங்களில் ஒட்டினாள். கீழே அடையாளம் எழுதினாள். இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசு. மகன் ஓடிப்போய்விட்டான், அவனைப் பற்றிக் கேட்காதே. குழந்தைக்கு நீதான் ஞானஸ்நானம் கொடுத்தாய். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் டேப்பைப் பார்ப்பார். வீட்டுக்குள் போய், காது கேட்காத அந்தம்மாவின் வலப்பக்கமாகப் போய் நிற்பார். அவள் பின்னாலேயே போவாள். இப்போதெல்லாம் பாஸ்டரம்மாவும் கூடவே ஊழியத்துக்கு வருகிறார்கள் என்று சபையார் சந்தோஷப்பட்டார்கள்.

வெளியே நாற்காலிகள் போடும் சத்தம் கேட்டது. பத்து மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். என் மகனின் பரீட்சை நாளைக்கூட மறக்கமாட்டார். எங்கம்மா செத்த தேதி எங்களுக்கே மறந்துபோச்சு, ஐயா வந்து நிக்கிறார். அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு தலையசைத்தாள். அந்தப் பரீட்சை, அந்தத் தேதி, எல்லாம் அவள் விரலால் அடித்தவை. அவளுடைய தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு விசும்பல் வரும்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் விசும்பவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தாள்.

அவள் நினைப்பு முந்தாநாள் மாலையிலேயே நின்றுகொண்டிருந்தது.

நான்கு மணிக்குத் தையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. சர்க்கரை வியாதியில் ஒரு கால் எடுத்தவர். வீடு இரண்டே தெரு தள்ளி. முந்தின இரவு முழுவதும் போதகர் தூங்கவில்லை, அவளையும் தூங்கவிடவில்லை. அவளுக்குக் கண் எரிந்தது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் படுத்தால் போதும் என்றிருந்தது. டேப்பைத் திறந்து, வழிகாட்டும் படத்தைப் போட்டு, அது சொல்கிறபடியே நடக்கச் சொல்லி அவரைத் தனியே அனுப்பினாள். அவர் நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தார். தையல்காரருக்காக நெடுநேரம் ஜெபித்தாராம். பிறகு டேப்பை முக்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ஆறு மணிக்குத் தையல்காரரின் மருமகள் கதவைத் தட்டி, ஐயா இதை மறந்துட்டுப் போயிட்டாங்க என்று டேப்பை நீட்டியபோதுதான் அவள் கண் விழித்தாள்.

அப்போதே செயலருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சபையில் வண்டி வைத்திருக்கும் ஆட்கள் மட்டும் நாற்பது பேர். அரை மணியில் ஊரைச் சலித்திருப்பார்கள். ஆனால் இரண்டு தெரு தள்ளிப் போன மனிதர் எப்படித் தொலைவார் என்று கேட்பார்களே. தானே தேடினாள். சபையைச் சுற்றியிருந்த சந்துகள், அவர் வழக்கமாகப் போகும் வீடுகளின் வாசல்கள், கல்லறைத் தோட்டம். ஒன்பது மணிக்குத்தான் செயலரைக் கூப்பிட்டாள். அப்போதும் முழுதும் சொல்லவில்லை. ஐயா இன்னும் வரலை, எங்கேயாவது ஜெபத்துல இருப்பார் என்றுதான் சொன்னாள். அதனால் அவர்கள் ஒரு போதகர் இருக்கக்கூடிய இடங்களிலெல்லாம் தேடினார்கள். நோயாளிகளின் வீடுகளில், ஆஸ்பத்திரி வார்டுகளில்.

விடிந்த பிறகு பஸ் டிப்போவிலிருந்து தகவல் வந்தது. நிறுத்தியிருந்த பஸ்ஸைக் கூட்டப் போன பெண், பின் சீட்டில் யாரோ தூங்குவதாக நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏதோ அவசரமாக வெளியூர்ச் சந்திப்புக்குக் கிளம்பியிருக்கிறார், வழியில் மாரடைப்பு என்று சபையார் பேசிக்கொண்டார்கள். ஊழியத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

பன்னிரண்டு மணி இருக்கும். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்து, பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செயலரிடம் ஏதோ கேட்டார். செயலர் அவரை அவளிடம் அழைத்துவந்தார்.

“அந்த பஸ்ஸோட கண்டக்டராம்மா. உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.”

கண்டக்டர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் ஏறவில்லை.

“ஸ்டாண்டுல ஆறு மணியிலேர்ந்தே உட்கார்ந்திருந்தாங்கம்மா. ரெண்டு ட்ரிப்பு போயிட்டு வந்தேன், ரெண்டு தடவையும் பார்த்தேன். கடைசி ட்ரிப்புக்கு ஏறினாங்க. எங்க போகணும்னு கேட்டேன். வீட்டுக்குன்னாங்க. எந்த ஸ்டாப்புன்னேன். சிரிச்சாங்க.”

செயலர் அவளைப் பார்த்தார். அவள் கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை.

“உங்க பேரு என்னங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. எல்லாம் டேப்ல இருக்குன்னாங்க. நான் ஏதோ பெரிய ஆபீசர்னு நெனச்சுட்டேன். துணியெல்லாம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. டிப்போல இறங்கச் சொன்னா, ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு வர்றேன்னாங்க. யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சு, நான் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.” அவர் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணலம்மா.”

அவள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

“நான் இறங்கறதுக்கு முன்னாடி, என்னைக் கூப்பிட்டு என் தலையில கை வெச்சாங்க. நான் கேக்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு, இந்தப் பிள்ளையைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேரும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணாங்க. அவ்வளவுதாம்மா.”

அவர் எழுந்து, மறுபடியும் பெட்டியருகே போய் நின்றுவிட்டுப் போனார்.

செயலர் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, கொஞ்சம் உள்ளே வாங்கம்மா என்றார். அடுத்த அறையில் போதகரின் மேசைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். தங்கை வாசல்வரை வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம்.”

செயலர் டேப்பை மேசைமேல் வைத்தார். அவள் எண்ணை அடித்துத் திறந்தாள். கொடுப்பதற்கு முன், ஒரு நிமிடம் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குடும்பப் பக்கங்களில் ஒன்றைத் தேடி எடுத்தாள். அவள் படம்தான் அதில். கண்ணாடி முன் நின்று தானே எடுத்தது. கீழே நான்கு மாதத்துக்கு முன் அவளே எழுதியிருந்தாள். இந்த வீட்டில் இருக்கும் பெண் உன் மனைவி. பயப்படாதே. அவள் தரும் மாத்திரையைச் சாப்பிடு. அவர் அந்தப் பக்கத்தை எப்போதாவது திறந்து பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் அவளை, அம்மா நீங்க யார் வீட்டுலேர்ந்து வர்றீங்க, உங்களுக்கு என்ன ஜெபம் பண்ணணும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். நிச்சயமாக நீக்கவா என்று டேப் கேட்டது. ஆம் என்பதைத் தொட்டாள்.

செயலர் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு டேப்பை வாங்கினார். அடக்க ஆராதனை என்ற பக்கத்தை முதலில் திறந்தார். பாட்டுகள், பிறகு எழுத வேண்டும். வேதபாகம், பிறகு எழுத வேண்டும். அதோடு முடிந்திருந்தது. பிறகு பெயர்களின் வரிசையில் இறங்கிப் போனவர், ஓரிடத்தில் நின்றார். எந்த இடம் என்று பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்தது.

சபைச் செயலர். வழுக்கை, சட்டைப் பையில் இரண்டு பேனா. முன்கோபி, பொறுத்துக்கொள். மனைவி இறந்துவிட்டார், நலமா என்று கேட்டுவிடாதே. அந்தத் தேதியில் ஒவ்வொரு வருடமும் வீட்டுக்குப் போ. அவர் போடும் காப்பியில் சர்க்கரை இருக்காது. குடித்துவிடு.

அவர் அதை இரண்டு முறை படித்தார். உதடு அசைந்தது.

“இதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“அப்ப, போன வருஷம் வந்தது… இந்த வருஷம்…”

“மணி அடிக்கும். நான் சட்டையை எடுத்துக் குடுத்து அனுப்புவேன். நீங்க பார்க்கலை, வாசல்ல நின்னுக்கிட்டிருப்பேன்.”

செயலர் மேசை நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி போன பிறகு, இந்த உலகத்தில் அந்த நாளை நினைத்து வைத்திருக்கும் ஒரே மனிதர் என்று அவர் பலரிடம் போதகரைச் சொல்லியிருக்கிறார். சபையில் சாட்சியாகவும் ஒரு முறை சொன்னார்.

“என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரேம்மா,” என்றார். “இந்தத் தடவை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான்தான் தேத்தினேன்.”

“அழுதது அவர்தான்,” என்றாள். “அழச் சொல்லி நான் எழுதலை.”

அவர் தலையசைத்தார். கொஞ்சம் ஆறியது போலிருந்தது. அந்தக் கடைசி மாதங்களில் போதகர் எதற்கும் அழுதார். குழாய் மூடவில்லை என்று அழுதார், தட்டில் சோறு தீர்ந்துவிட்டது என்று அழுதார். அதை அவள் சொல்லவில்லை.

“அன்னைக்கு ஆறு மணிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்த செயலர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் டேப்பை மூடி வைத்தார். கடைசியில் எழுந்து, “பாட்டு நானே பார்த்துப் போட்டுர்றேன்மா,” என்றார். கதவருகே போய்த் திரும்பி, “வீட்டைப் பத்தி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க. ரெண்டு மாசம் தாராளமா இருக்கலாமாம்,” என்றார்.

மூன்றரைக்கு ஆராதனை. கூட்டம் வாசலுக்கு வெளியேயும் நின்றது. பேசியவர்கள் எல்லோரும் ஞாபகத்தைப் பற்றியே பேசினார்கள். தையல்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்திருந்தார்கள். தன் காலுக்காக ஐயா எவ்வளவு நேரம் ஜெபித்தார் என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். எடுத்த காலுக்காகவா, இருக்கிற காலுக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாகச் செயலர் எழுந்து ஒலிபெருக்கியின் முன் நின்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊழியத்துக்கு வந்த வருடம், கட்டிய கட்டடம், நடத்திவைத்த கல்யாணங்கள் என்று அவர் வரிசையாக வாசித்தார். பிறகு தாளை மடித்துவிட்டு, “நம்ம ஒவ்வொருத்தரையும் ஐயா ஞாபகம் வெச்சிருந்தார்,” என்றார். எந்தப் பக்கமும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்.

மண் போட்டு முடிந்ததும் பொழுது சாய்ந்தது. வீட்டுக்கு வந்து, குளித்து, யார் யாரோ கொண்டுவந்த சாப்பாட்டில் தங்கை பிசைந்து கொடுத்த இரண்டு வாயைச் சாப்பிட்டாள். நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். தங்கை பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டே, கதவைச் சாத்திட்டு வந்து கொஞ்சம் படுக்கா என்றாள்.

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். நடுவில் இருந்த தாழ்ப்பாளை விட்டுவிட்டு, கால்விரல் நுனியில் எழும்பி, கையை முழுதும் நீட்டி, நிலையின் உச்சியில் அவள் ஆள் வைத்து அடித்திருந்த இரண்டாவது தாழ்ப்பாளைப் போட்டாள். இரவில் அவர் எழுந்து வெளியே போகப் பார்த்தாலும், அங்கே கை வைக்கத் தோன்றாது. பிறகு கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், தினமும் பார்ப்பதுபோல இரண்டு முறை.

கதவு அசையவில்லை.